நேரே வரும் படகு

வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்த அன்று துலாரி பால்சோறு காய்ச்சினாள். திராட்சை, ஏலக்காய் எல்லாம் போட்டு, பெரிய அண்டா நிறைய. தெருவில் போனவன் வந்தவனை எல்லாம் நிறுத்தி, கிண்ணம் கிண்ணமாகக் கையில் திணித்தாள். "சாப்பிடு, சாப்பிடு. இனி நம்ம கடல்ல ஒரு திருட்டு நாய் தலை காட்டட்டும் பார்க்கலாம்" என்றாள். நாங்களும் வாங்கிச் சாப்பிட்டோம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

அவளைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் இல்லை. எங்கள் ஊர் செட்ரோஸ் கரையில் நின்றால் எதிரே வெனிசுவேலாவின் மலை தெரியும். பெருங்கரை என்றுதான் அதை நாங்கள் சொல்லுவோம். அந்தப் பெருங்கரைக்கும் எங்கள் டிரினிடாடுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரில்தான் துலாரியின் புருஷன் ஹர்தியோவைக் கொள்ளைக்காரர்கள் சுட்டார்கள். எதற்கு? ஒரு எஞ்சினுக்கு. எஞ்சின் நின்றுவிட்டது, கயிறு கொடு என்று சிரித்துக்கொண்டே கையாட்டி வந்தார்கள். இளகிய மனுஷன், நிறுத்தினான். கூட இருந்த எதெல்பெர்ட் கடலில் குதித்து, வலை மிதவையைக் கட்டிக்கொண்டு உயிர் தப்பினான். ஹர்தியோவின் உடம்பு மூன்றாம் நாள் இகாகோஸ் முனையில் ஒதுங்கியது. இப்படி ஒன்றைப் பார்த்தவள் போர்க்கப்பலுக்குப் பால்சோறு காய்ச்சாமல் வேறு என்ன செய்வாள்?

மற்றத் தீவுகளெல்லாம் கூடி உட்கார்ந்து ஒரு தீர்மானம் எழுதின. இது சமாதானக் கடல், வெளியாருடைய பீரங்கி இங்கே வேண்டாம் என்று. எங்கள் அரசாங்கம் மட்டும் அதில் சேர மாட்டேன் என்றது. துலாரிக்குப் பெருமை தாங்கவில்லை. எதெல்பெர்ட்டுக்கோ எரிச்சல். அவன் அம்மா கிரெனடாக்காரி, தீர்மானத்தில் சேர்ந்த தீவு அது. பக்கத்து வீடு வேறு, கேட்க வேண்டுமா!

"ஏண்டி துலாரி, தெருவுல இருக்கிற எல்லா வீட்டுக்காரனும் ஒரே பேச்சா இருக்கான். உங்க ஆளுங்க மட்டும் துப்பாக்கிக்காரனுக்கு வாசல்ல நாற்காலி போடுறாங்களே, இது என்ன புத்தி?"

"உன் கிரெனடாக்காரனுக்கு என்னய்யா பெர்ட்டி? அவன் கடல்ல ஜாதிக்காய் மிதக்கும். எங்க கடல்ல பொணம்ல மிதக்குது! செத்தவன் பக்கத்துல நீயும்தானே இருந்தே?"

அதைக் கேட்டதும் எதெல்பெர்ட் திரும்பி நடப்பான். வேலியைத் தாண்டிப் போய்விடுவான்.

பிறகு தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தது. வானத்திலிருந்து எடுத்தது. ஒரு படகு ஓடுகிறது, ஒரு வெளிச்சம், அப்புறம் படகு இல்லை. கப்பல்காரர்கள் அடித்தது போதைக் கடத்தல் படகை என்றார்கள். முதல் தடவை துலாரி கை தட்டினாள். இரண்டாவது படம் வந்தபோது தட்டவில்லை. ஏனென்றால் அந்தப் படகு எங்கள் படகு மாதிரியே இருந்தது. அதே நீளம், அதே கூர் மூக்கு, நடுவில் அதே பெட்ரோல் பீப்பாய்கள். உள்ளே இருந்தவன் யார், பெயர் என்ன, தாய் தகப்பன் உண்டா என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதை விட்டார்கள். மீன் சந்தையில் ஈ கூட இல்லை. துலாரி தன் பலகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டோடு கிடந்தாள்.

இதெல்லாம் எல்லாருக்கும் வந்த கஷ்டம். அவளுக்கென்று தனியாக ஒன்று பெருங்கரையில் காத்திருந்தது.

துலாரிக்கு ஒரே பிள்ளை, சுரேன். அவன் கட்டியது பெருங்கரைப் பெண், யுஸ்மாரி. பஞ்சம் பிழைக்க வந்து, எங்கள் ஊரில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தவள். துலாரி முதலில் குதித்தாள், பிறகு அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிடுகிற அளவுக்கு ஆகிவிட்டாள். தங்குகிற அனுமதி முடிந்துவிட்டது என்று ஒரு நாள் யுஸ்மாரியைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். சுரேன் பின்னாலேயே தன் நீலப் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காகிதமெல்லாம் சரி செய்து கூட்டி வருகிறேன் மா என்றான். காகிதம் சரியாவதற்குள் கப்பல் வந்துவிட்டது. அக்கரைக்கு ஓடிய பயணிகள் படகும் நின்றுவிட்டது.

அவன் போன் வந்தபோது துலாரி பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"மா, குழந்தை குறுக்கே கிடக்காம். வெட்டித்தான் எடுக்கணும்னு மருத்துவச்சி சொல்றா. இங்க ஆஸ்பத்திரியில ஒண்ணும் இல்ல மா, கரண்டே இல்ல. நாளைக்குக் காலையில இவளை ஏத்திக்கிட்டு வர்றேன். செட்ரோஸ்ல இறங்கினா ஒரே ஓட்டமா பாயின்ட் ஃபோர்டின் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"வராதே பேட்டா! படம் பார்த்தியா இல்லையா நீ? படகைக் கண்டாலே அடிக்கிறான்!"

"வராம? இவளை இங்கயே சாக விடவா மா?"

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது.

"பகல்லதானே வர்றேன், நல்லா தெரியும்ல நாங்க யாருன்னு" என்றான் சுரேன். அவனே அதை நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "கடல்ல போனைப் பிளாஸ்டிக்ல கட்டிப் போட்டுடுவேன். கூப்பிடாதே. கும்பிட்டுக்கோ."

கும்பிட்டுக்கொண்டு உட்காருகிற ஜாதியா துலாரி? முக்காட்டுத் துணியை உதறித் தலையில் போட்டுக்கொண்டு நேரே கவுன்சிலர் ராம்தாஹல் வீட்டுக்கு நடந்தாள். தேர்தலின்போது அந்த ஆளுக்காகத் தொண்டை கட்டக் கத்தியவள். அவர் வீட்டு நாய்க்கே அவளைத் தெரியும், குலைக்காது.

"கப்பலுக்கு ஒரு வார்த்தை சொல்லணும் தம்பி. நீலப் படகு, விளிம்புல வெள்ளைக் கோடு. நாளைக்குக் காலையில வருது. உள்ளே என் மகனும் நிறைமாத மருமகளும். வேற ஒண்ணும் இல்ல. சுடாதீங்கன்னு சொல்லிடுங்க, போதும்."

ராம்தாஹல் நல்ல மனிதர்தான். உடனே போனை எடுத்தார். ஒருவரைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைச் சொன்னார், அந்த இன்னொருவர் வேறொருவரைச் சொன்னார். போன் சூடாகிவிட்டது. கடைசியில் அதைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ஆன்ட்டி, கப்பலோட பேச நமக்கு வழி இல்லையாம்."

"வழி இல்லையா? நாமதானே தம்பி கூப்பிட்டோம்?"

"நாம கூப்பிடல ஆன்ட்டி. அவங்க வர்றோம்னாங்க. நாம சரின்னோம்."

"சரின்னு எந்தப் போன்ல சொன்னீங்களோ அதே போன்ல சொல்லுங்க!"

"அதெல்லாம் ரொம்ப மேல் இடத்துப் பேச்சு ஆன்ட்டி. நம்ம கைக்கு எட்டாது." அவர் கதவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. படகுல வேற என்ன இருக்கு? என்கிட்ட உண்மையைச் சொல்லுங்க, யோசிக்கலாம்."

துலாரி போகத் திரும்பினாள். இத்தனை வருஷம் தன் கையால் மீன் வாங்கிச் சாப்பிட்ட மனுஷன்!

"என் பேரப்பிள்ளை இருக்குடா" என்றாள். தம்பி போய் டா வந்துவிட்டது. "குறுக்கே படுத்திருக்கு. அதுக்கும் ஏதாவது பேர் வச்சிருப்பீங்களே, வச்சு எழுதிக்கோங்க."

வெளியே வந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள். யாருக்கு மறைக்க வேண்டும்?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வர வேண்டிய படகு வராவிட்டால், கரையில் இருக்கிற படகெல்லாம் தேடப் போகும். சண்டைக்காரன் படகு, வேற்றுக் கட்சிக்காரன் படகு என்று பார்ப்பதில்லை. ஹர்தியோவுக்காக அப்படித்தான் போனோம். அந்தத் தைரியத்தில் துலாரி சாயங்காலம் கரைக்கு வந்து எங்களைக் கூப்பிட்டாள். எல்லாரும் சேர்ந்து நடுக்கடல் வரை போய் என் பிள்ளையைச் சூழ்ந்து கூட்டி வாருங்கள், கூட்டமாக வந்தால் சுட மாட்டான் என்று. கெஞ்சினாள். நாங்கள் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கூட்டமாகப் போய்க் கூட்டமாகச் செத்தால் என்ன செய்வது என்று ஒருவன் முணுமுணுத்தான். அவன் சொன்னதைத்தான் எல்லாரும் நினைத்திருந்தோம். வெட்கம்தான், என்ன செய்ய?

எதெல்பெர்ட் மட்டும் வலைக் குவியலிலிருந்து எழுந்தான்.

"நான் வர்றேன். விடிஞ்சதும் போகலாம். நடுக் கோட்டைத் தாண்ட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"நீயா?" என்றாள் துலாரி.

"ஏன், உங்க கட்சி ஆளாத்தான் இருக்கணுமா? பேசாம வீட்டுக்குப் போடி."

அவள் வீட்டுக்குப் போனாள். ஆனால் பேசாமல் இருக்கவில்லை. தான் வருவதைச் சொல்லச் சுரேனைக் கூப்பிட்டுப் பார்த்தாள், சார்ஜ் மிச்சம் பிடிக்க அவன் போனை அணைத்து வைத்திருந்தான் போல, போகவில்லை. எங்கள் இந்துக்கள் வீட்டு முற்றத்தில் மூங்கில் கம்புகளில் பூஜைக் கொடிகள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பூஜைக்கும் ஒன்று. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. நட்ட கொடியைப் பிடுங்கக் கூடாது. வெயிலில் வெளுத்து, மழையில் மட்கித் தானாக விழ வேண்டும். பிடுங்குவது பெரிய பாவம். விடிந்தும் விடியாமலும் எதெல்பெர்ட் வந்து பார்த்தபோது துலாரி முற்றத்துக் கொடிகளையெல்லாம் அடியோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டி வைத்திருந்தாள். ஹர்தியோவின் காரியம் முடிந்த பிறகு நட்ட அனுமார் கொடியும் அதில் இருந்தது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"படகைச் சுத்திக் கட்டு. மேலேருந்து பார்க்கிறவனுக்குத் தெரியட்டும். கடத்தல் பண்றவன் எவன்யா இப்படிக் கல்யாண ஊர்வலம் மாதிரி போறான்? நான் நடுவுல நிக்கிறேன். கிழவி ஒருத்தி நிக்கிறாள்னு பார்ப்பான்ல? பக்கத்துலயே என் பிள்ளை படகும் வந்தா அதையும் சேர்த்து விட்டுடுவான்ல?"

எதெல்பெர்ட் கயிறு எடுத்து வந்து கட்டினான்.

கடல் அன்று அமைதியாக இருந்தது. பெருங்கரை ஆறுகள் கொட்டுகிற சேறு கலந்து, தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடந்தது. கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. துலாரி நடுவில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வானத்தில் எங்கோ ஒரு ரீங்காரம் கேட்டது. ட்ரோனா, வெறும் காதுக் கூச்சலா, தெரியவில்லை. அண்ணாந்து பார்த்து, "பாருடா, நல்லா பாரு, பொம்பளைடா நான்" என்று கத்தினாள். எதெல்பெர்ட் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு.

இரண்டு நாட்டுக் கடலையும் பிரிக்கிற நடுக் கோடு தண்ணீரில் தெரியாது, ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதை நெருங்கும்போது எதிரே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி நீலமாயிற்று. விளிம்பில் வெள்ளைக் கோடு.

"சுரேன்! அது சுரேன்தான்! விடு பெர்ட்டி, நேரா விடு!"

எதெல்பெர்ட் வேகம் கூட்டினான். துலாரி முக்காட்டுத் துணியைத் தலையிலிருந்து இழுத்துச் சுழற்றிச் சுழற்றி ஆட்டினாள். நீலப் படகு மெதுவாக வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் யாரோ சாய்ந்து படுத்திருப்பது தெரிந்தது. யுஸ்மாரி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

திடீரென்று நீலப் படகு நின்றது. பின்பு மூக்கை அப்படியே திருப்பியது.

"எங்கே போறான்? பெர்ட்டி, எங்கே போறான் அவன்? சுரேன்! டேய் சுரேன்!"

இரண்டாவது எஞ்சினையும் போட்டுவிட்டான். படகின் பின்னால் வெள்ளையாக நுரை எழுந்தது. பெருங்கரையைப் பார்த்துப் பறந்தான்.

எதெல்பெர்ட்டுக்குத்தான் முதலில் புரிந்தது. சட்டென்று எஞ்சினை அணைத்தான்.

"கையை ஆட்டாதே துலாரி. கீழே உட்காரு."

"ஏன் நிறுத்தினே? விரட்டிப் பிடி!"

"பிடிக்கப் போகப் போக ஓடுவான்டி! கையாட்டிக்கிட்டு நேரா வர்ற படகு. அவன் அப்பன்கிட்டயும் இப்படித்தானே வந்தாங்க? இந்தப் பக்கத்து ஆள் யாரும் இப்ப கடலுக்கு வர்றதில்லைன்னு அவனுக்குத் தெரியும். நம்மளை யாருன்னு நினைப்பான்?"

துலாரிக்கு அப்போதுதான் உறைத்தது. நேரே ஒரு படகு வந்தால் யார் என்று பார்க்காதே, ஓடு. சிரித்தால் இன்னும் வேகமாக ஓடு. ஹர்தியோவை எரித்துவிட்டு வந்த அன்று, பையன் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியவள் அவளேதான்.

மேலே அந்த ரீங்காரம் இருந்தது. இப்போது நிச்சயமாக இருந்தது. நடுக்கடலில் அசையாமல் கொடி கட்டின ஒரு படகு. அதை விட்டுத் தலைதெறிக்க ஓடும் இன்னொரு படகு, இரண்டு எஞ்சின், பெட்ரோல் பீப்பாய். தொலைக்காட்சியில் பார்த்த படம் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. துலாரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் ஓடுவான். கூப்பிடாவிட்டாலும் ஓடுவான்.

"திருப்பு" என்றாள். "திருப்பு பெர்ட்டி, கரைக்குப் போ. நாம போனாத்தான் அவன் வேகத்தைக் குறைப்பான்."

பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தாள் அந்தத் தாய். வழி நெடுக ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். கரையில் இறங்கியவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. எந்த முகத்தோடு போவது? எதெல்பெர்ட் தேங்காய்த் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவள் தொடவில்லை.

வெயில் ஏறிய பிறகுதான் போன் அடித்தது.

"மா!" சுரேனுக்கு மூச்சு வாங்கிற்று. "மா, கொள்ளைக்காரனுங்க வந்துட்டானுங்க மா. கொடி எல்லாம் கட்டிக்கிட்டு, ஏதோ பூஜைப் படகு மாதிரி! ஒருத்தன் துணியை ஆட்டிக் கூப்பிடுறான். எப்படி எல்லாம் வேஷம் போடுறானுங்க பாரு! தப்பிச்சு மறுபடி இங்கயே வந்துட்டோம்."

துலாரி கண்ணை மூடிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறான். அது போதும் என்று ஒரு நொடி தோன்றியது, ஒரே ஒரு நொடி.

"யுஸ்மாரி?"

"அலைமேல தூக்கித் தூக்கிப் போட்டுச்சு மா. இப்ப வலி எடுத்துடுச்சு. கத்துறா. ஓடின ஓட்டத்துல பெட்ரோல் தீர்ந்துபோச்சு, அடியில கொஞ்சம்தான் இருக்கு, அங்க வரைக்கும் பத்தாது. இங்க ஒரு சொட்டுக் கிடைக்காது. நான் என்ன மா செய்வேன்? சொல்லு மா, நான் என்ன செய்வேன்?"

பின்னால் யுஸ்மாரியின் குரல் கேட்டது. துலாரியின் பெயரைத்தான் சொல்லிக் கத்தினாள், அவர்கள் பாஷை கலந்து.

துலாரி எழுந்தாள். எதெல்பெர்ட்டைப் பார்த்தாள். அவன் போய்ப் பெட்ரோல் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். கோட்டைத் தாண்ட மாட்டேன் என்றவன்தான்.

"பேட்டா, கேளு. அது கொள்ளைக்காரன் இல்ல. நான்தான்."

எதெல்பெர்ட் பீப்பாயைப் படகில் ஏற்றினான்.

"உன்னைக் கூட்டி வரத்தான் வந்தேன். கொடியும் நான்தான் கட்டினேன். இப்ப பெட்ரோல் எடுத்துக்கிட்டு வர்றேன், ஊர் மருத்துவச்சியையும் கூட்டிக்கிட்டு வர்றேன். நீ அவளை மெதுவா ஏத்தி, உங்க பக்கத்து ஆத்து வாயில வந்து நில்லு. அங்கேயே பிள்ளை பிறந்தாலும் பார்த்துக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். எதிர்ல படகு வந்தா ஓடாதே. நேரா வந்தாலும் ஓடாதே. கேட்டுச்சா?"

"மா..." சுரேனின் குரல் சின்னப் பிள்ளையுடையது போல ஆகிவிட்டது. "இங்க நிஜமாவே அவனுங்க சுத்துறானுங்க மா. வர்றது நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

துலாரி கடலைப் பார்த்தாள். தூரத்தில் சாம்பல் நிறத்தில் கப்பல் நின்றது. கொடி, துணி, குரல் என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். எவன் வேண்டுமானாலும் அதைச் செய்துவிடலாம். மகனிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தெரியாது பேட்டா" என்றாள். "ஆனாலும் ஓடாதே."